ஆக்டேன் எண்: சில மோட்டார் யந்திரங்கள் உயர்ந்த பெட்ரோலை வேண்டுவது ஏன்?

பெட்ரோல் யந்திரம் இல்லாத பண்ணை இன்று அரிது. வீட்டு வாயிலில் மோட்டார் காரும் மோட்டார் சைக்கிளும், வயலில் களையெடுக்கும் யந்திரமும் விசைத் தெளிப்பானும், வாய்க்கால் கரையில் நீர் இறைக்கும் சிறு யந்திரமும் ஆக, ஒரே குடும்பத்தில் நான்கைந்து யந்திரங்கள் இருக்கக் காண்கிறோம். இவற்றிற்குப் பெட்ரோல் வாங்கச் செல்லும் இடத்திலோ 91, 95, 100 என்று எண்கள் வேறுபடுகின்றன. விலையும் எண்ணுக்குத் தக்கபடி ஏறுகிறது. இவ்வெண்களின் பொருள் யாது, எந்த யந்திரத்திற்கு எந்தப் பெட்ரோல் தக்கது என்று விவசாயிகள் பலர் என்னை அடிக்கடி வினவுகிறார்கள். அவர்களுக்கு விடையாக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இரண்டு அனுபவங்கள்

சென்ற கோடையில் ஒரே மாதத்தில் இருவர் என்னிடம் வந்தனர். ஒருவர் ஓய்வுபெற்ற கிராம அதிகாரி. தம் தென்னந்தோப்பிற்கு நீர் இறைக்கும் சிறு பெட்ரோல் யந்திரத்திற்கு அவர் இரண்டு மாத காலம் 100 ஆக்டேன் பெட்ரோலையே வாங்கி ஊற்றி வந்தார். "இவ்வளவு விலை கொடுத்து ஊற்றியும் ஒரு குடம் நீர்கூட அதிகமாக வரவில்லையே, பெட்ரோல் பங்கில் ஏமாற்றிவிட்டார்களோ?" என்பது அவர் கேட்ட கேள்வி.

மற்றவர் குறுவை, தாளடி இரண்டும் சாகுபடி செய்யும் மிராசுதார். அவர் டர்போ பொருத்திய புதிய மோட்டார் கார் ஒன்று வாங்கியிருந்தார். அவருடைய பழைய பம்புசெட்டு மண்ணெண்ணெயில் ஓடுவது. பம்புசெட்டுக்கு ஆகிற எண்ணெய் காருக்கு ஆகாதா என்று கருதி, வண்டி ஓட்டும் ஆள், சிக்கனத்தின் பொருட்டுப் பெட்ரோலுடன் மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்றி வந்திருக்கிறார். வண்டி மேட்டில் ஏறும்போதெல்லாம், தகரக் குவளையில் கூழாங்கற்களை இட்டுக் குலுக்கினாற்போன்ற ஓசை கேட்டது. அதை எவரும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் குடும்பத்தாருடன் ஏற்காட்டு மலைப்பாதையில் செல்லுகையில் யந்திரம் புகையைக் கக்கி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது ஒரு பிஸ்டனின் மேல்விளிம்பு உடைந்திருந்தது. அதைச் செப்பனிட்ட செலவு, அவர் முந்திய குறுவையில் கண்ட லாபம் முழுவதையும் விழுங்கிவிட்டது.

முன்னவர் வேண்டாத இடத்தில் உயர்ந்ததை ஊற்றிப் பணத்தை இழந்தார். பின்னவர் வேண்டிய இடத்தில் தாழ்ந்ததை ஊற்றி யந்திரத்தையே கெடுத்துக்கொண்டார். இருவர் நஷ்டத்திற்கும் காரணம் ஒன்றே. ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பலத்தைக் குறிக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். அது பலத்தைக் குறிப்பதன்று. அமுக்கத்தையும் உஷ்ணத்தையும் தாங்கிக்கொண்டு, தீப்பொறி வரும்வரையில் தானாகப் பற்றாமல் காத்திருக்கும் பொறுமையைக் குறிப்பது.

யந்திரம் வேலை செய்யும் விதம்

இதை விளங்கிக்கொள்ள யந்திரத்தினுள் நடப்பதைச் சிறிது அறிதல் வேண்டும். இன்றைய மோட்டார் கார் யந்திரங்களின் முறை, ஜெர்மனி தேசத்தில் நிக்கொலாஸ் ஆட்டோ என்பவர் 1876-ஆம் ஆண்டில் அமைத்துக் காட்டிய முறையேயாகும். இதில் பிஸ்டனின் நான்கு வீச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. முதலில் பிஸ்டன் கீழே இறங்கி, காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது. இரண்டாவதாக மேலே ஏறி அக்கலவையை அமுக்குகிறது. மூன்றாவதாக, ஸ்பார்க் பிளக்கிலிருந்து தீப்பொறி தோன்றிக் கலவை எரிய, அதனால் விரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. வண்டியை இழுக்கும் சக்தி இவ்வொரு வீச்சிலேதான் பிறக்கிறது. நான்காவதாகப் பிஸ்டன் மறுபடியும் ஏறி, எரிந்த வாயுவை வெளியே தள்ளுகிறது.

இவற்றுள் நம் விஷயத்திற்கு முக்கியமானது இரண்டாவது வீச்சாகிய அமுக்கம். பிஸ்டன் அடியில் நிற்கும்போது சிலிண்டரில் 500 கன சென்டிமீட்டர் இடம் இருப்பதாகவும், அது உச்சிக்கு ஏறியபின் மிஞ்சும் இடம் 50 கன சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். பத்து பங்கு இடத்தில் இருந்த கலவை ஒரு பங்கு இடத்தில் அடைபடுகிறது. ஆகையால் அந்த யந்திரத்தின் அமுக்க விகிதம் பத்து எனப்படும்.

அமுக்கத்தால் விளையும் நன்மை

கலவையை ஏன் இவ்வளவு அமுக்க வேண்டும்? நன்றாக அமுக்கப்பட்டு எரிந்த வாயு, பிறகு விரிவதற்கு நெடுந்தூரம் கிடைக்கிறது. அதிக தூரம் விரிந்தால் அதன் உஷ்ணத்தில் அதிகமான பங்கு வேலையாக மாறுகிறது. குறைந்த பங்கே புகைக்குழாய் வழியாக வீணாகிறது. காற்று மட்டும் அடங்கிய, உராய்வும் உஷ்ண நஷ்டமும் இல்லாத ஒரு யந்திரத்தைக் கற்பனை செய்து கணக்கிட்டால், அமுக்க விகிதம் நான்காக இருக்கும்போது உஷ்ணத்தில் 43 சதவீதம் வேலையாக மாறும். விகிதம் எட்டானால் 56 சதவீதமும், பத்தானால் 60 சதவீதமும், பன்னிரண்டானால் 63 சதவீதமும் மாறும். உண்மையான யந்திரங்களில் கிடைப்பது இவற்றைவிட வெகு குறைவே. எனினும் அமுக்கம் ஏற ஏற அதே பெட்ரோலில் அதிக வேலை கிடைக்கும் என்ற விதி அங்கும் பொருந்தும். விகிதம் மேலே செல்லச் செல்ல லாபம் சிறுத்துக்கொண்டு போவதையும் இக்கணக்கு காட்டுகிறது.

அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரையில் செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' மாதிரிக் காரின் யந்திரம் 2.9 லிட்டர் கொள்ளளவு உடையது. அதன் அமுக்க விகிதம் நான்கு அல்லது அதற்குச் சற்று மேல். கிடைத்ததோ 20 குதிரைச் சக்தி. இன்று ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள டர்போ யந்திரங்கள் 100 குதிரைச் சக்தியைத் தருகின்றன. இவ்வளவு அபிவிருத்திக்கும் அமுக்கம் ஒன்றே காரணம் அன்று. ஆனால் அமுக்கத்தைத் தாங்கும் பெட்ரோல் கிடைத்திராவிடில் இது நடந்திராது.

அமுக்கத்தால் வரும் இடையூறு

சைக்கிள் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். காற்றை அமுக்கினால் அது உஷ்ணமடைகிறது. யந்திரத்தினுள்ளும் இதுவே நடக்கிறது. விகிதம் நான்காக உள்ள யந்திரத்தில், தீப்பொறி தோன்றுமுன்பே கலவையின் உஷ்ணம் 200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறிவிடும். விகிதம் பத்தானால் அது 400 டிகிரி அளவை எட்டும். அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் இருபது மடங்கு ஆகும்.

இந்நிலையில் தீப்பொறி தோன்றுகிறது. அறுவடையான வயலின் ஒரு வரப்போரத்தில் தாளுக்கு நெருப்பு வைத்தால், நெருப்பு வரிசையாக நகர்ந்து மறு வரப்பை அடையும். சிலிண்டரிலும் சுவாலை பிளக்கின் அருகில் தொடங்கி, ஒழுங்காகப் பரவி, மறுகோடியை அடைய வேண்டும். யந்திரம் நிமிஷத்திற்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒரு வீச்சுக்குக் கிடைக்கும் காலம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கே. அதற்குள் இவ்வெரிதல் முறையாக நடந்து முடிகிறது.

ஆனால் சுவாலை நகர்ந்து வரும்போது எரிந்த வாயு விரிந்து, மறுகோடியில் இன்னும் எரியாதிருக்கும் கலவையை மேலும் நெருக்குகிறது. முன்பே சூடேறிய அக்கலவை மேலும் சூடேறுகிறது. சுவாலை வந்து சேருமுன் அது தன் பொறுமையை இழந்தால், ஒரே நொடியில் தானாகவே முழுவதும் பற்றி வெடிக்கிறது. அதனால் எழும் அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதி எதிரொலிக்கின்றன. தகரக் குவளையில் கற்களைக் குலுக்கினாற்போன்ற ஓசை இதுவே. மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பர்; நாம் தட்டல் என்போம்.

தட்டல் வெறும் ஓசையன்று. சிலிண்டர் சுவரையும் பிஸ்டனின் தலையையும் ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று எப்போதும் இருந்து, எரியும் வாயுவின் கடும் உஷ்ணத்திலிருந்து உலோகத்தைக் காக்கிறது. தட்டலின் அலைகள் அப்படலத்தைக் கலைத்துவிடுகின்றன. உஷ்ணம் நேராக உலோகத்தில் பாய்கிறது. எப்போதோ ஒருமுறை இலேசாகத் தட்டினால் தீங்கில்லை. பாரம் ஏற்றிய நிலையில் விடாமல் தட்டினால் பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்படும். பிஸ்டன் ரிங்குகளைத் தாங்கும் பகுதி உடையும். பிஸ்டன் தலையில் துளையே விழுவதும் உண்டு. நம் மிராசுதாருடைய யந்திரத்திற்கு நேர்ந்தது இதுவே.

விதை உறக்கத்தோடு ஒப்பீடு

இதை விவசாயிகள் நன்கறிந்த ஒன்றோடு ஒப்பிடலாம். அறுவடைக் காலத்தில் நாலைந்து நாள் மழை பிடித்துக்கொண்டால், சில நெல் ரகங்கள் கதிரிலேயே முளைத்துவிடும். வேறு சில ரகங்கள் அதே மழையில் நனைந்தும் முளைப்பதில்லை. அவற்றிற்கு விதை உறக்கம் உண்டு. உறக்கமுள்ள நெல்லில் அரிசி அதிகம் என்றோ, சோறு அதிகம் என்றோ எவரும் சொல்லார். அது முளைக்க வேண்டிய காலம் வரையில் காத்திருக்கும்; அவ்வளவே. மழையில் அறுவடை செய்ய நேரும் பட்டத்திற்கு அந்தக் குணம் இன்றியமையாதது. வெயிலில் அறுவடையாகும் பட்டத்திற்கு அதனால் தனியாக ஒரு லாபமும் இல்லை.

ஆக்டேன் எண்ணும் அத்தகையதே. உயர்ந்த எண்ணுள்ள பெட்ரோலில் உஷ்ணம் அதிகம் இல்லை. கடும் அமுக்கத்திலும் அது காத்திருந்து, தீப்பொறியின் கட்டளைப்படி எரிகிறது. அமுக்கம் அதிகமான யந்திரத்திற்கு அக்குணம் வேண்டும். அமுக்கம் குறைந்த யந்திரத்திற்கு அதனால் பயனில்லை. தென்னந்தோப்புக்காரரின் யந்திரத்தில் அதிக நீர் வராததற்குக் காரணம் பெட்ரோல் பங்க் அன்று என்பதை இப்போது நேயர்கள் உணர்வார்கள்.

ஆக்டேன் எண் அளக்கப்படும் விதம்

ஒரு பெட்ரோலின் பொறுமையை எங்ஙனம் அளப்பது? இதற்கு வழி காட்டியவர் அமெரிக்க ரசாயன நிபுணராகிய கிரஹாம் எட்கர். 1926-ஆம் ஆண்டை ஒட்டிய அவருடைய சோதனைகளில் இரண்டு பொருள்கள் அளவுகோலின் இரு முனைகளாக அமைந்தன. ஒன்று ஐசோ ஆக்டேன். இது தட்டலை மிக நன்றாகத் தாங்கும். மற்றொன்று ஹெப்டேன், இது மிக எளிதில் தட்டும். முன்னதற்கு 100 என்றும் பின்னதற்கு 0 என்றும் எண் வகுக்கப்பட்டன. ஹெப்டேனில் ஏழு கார்பன் அணுக்கள் ஒரே நீண்ட சங்கிலியாக நிற்கின்றன. அச்சங்கிலி உஷ்ணத்தில் எளிதில் சிதைந்து பற்றத் தொடங்கும். ஐசோ ஆக்டேனில் எட்டுக் கார்பன் அணுக்கள் கிளைகளுடன் கட்டுக்கோப்பாக அமைந்திருப்பதால் அது சீக்கிரம் சிதைவதில்லை.

சோதனைக்கு ஒரே சிலிண்டர் உள்ள தனி யந்திரம் ஒன்று உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அமுக்க விகிதத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். சோதிக்க வேண்டிய பெட்ரோல் அதில் எவ்வளவு தட்டுகிறது என்று அளந்து, அதே அளவு தட்டும் ஐசோ ஆக்டேன்–ஹெப்டேன் கலவையைக் காண்பர். 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவைக்கு அது நிகரானால், அப்பெட்ரோலின் எண் 91. பெட்ரோலில் 91 பங்கு ஆக்டேன் இருக்கிறதென்பது இதன் பொருளன்று. தட்டலைத் தாங்குவதில் அக்கலவைக்குச் சமம் என்பதே பொருள். ஐசோ ஆக்டேனைவிட நன்றாகத் தாங்கும் பொருள்களும் இருப்பதால் எண் 100-க்கு மேலும் செல்லக்கூடும்.

இச்சோதனையில் இருவகை உண்டு. நிமிஷத்திற்கு 600 சுற்றில் செய்வது ரிசர்ச் முறை. 900 சுற்றில், கலவையை அதிகம் சூடேற்றிச் செய்வது மோட்டார் முறை. இந்தியாவில் விற்கும் பெட்ரோலின் பேரால் வழங்கும் எண் ரிசர்ச் முறையில் கண்டது. அமெரிக்காவில் இரண்டின் சராசரியைப் போடுகிறார்கள். ஆகையால் அங்கே 87 என்பது ஏறக்குறைய இங்கே 91 என்பதற்கு ஒக்கும். அந்நிய நாட்டுப் பதிப்பான கையேடு வைத்திருப்போர் இவ்வேற்றுமையை மனத்திற் கொள்க.

எண்ணை உயர்த்தச் செய்த முயற்சிகள்

அமெரிக்காவில் ஒரு பெரிய மோட்டார் கம்பெனியின் சோதனைச் சாலையில், சார்லஸ் கெட்டரிங் என்பவரின் மேற்பார்வையில் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயம் என்ற பொருளைச் சிறிதளவு சேர்த்தால் தட்டல் அடங்கும் என்று கண்டார். 1923 பிப்ரவரியில் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூஜெர்ஸியில் அதைத் தயாரித்த ஆலையில் ஈய விஷத்தால் தொழிலாளர் ஐவர் மாண்டனர். எனினும் மலிவு கருதி உலகெங்கும் அதைப் பல ஆண்டுகள் உபயோகித்தார்கள். புகையோடு வெளிவந்த ஈயம் காற்றிலும் மண்ணிலும் படிந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் ஈயம் கலந்த மோட்டார் பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் அதை நிறுத்தியது.

உயர்ந்த எண்ணால் விளையும் பயனை 1940-ஆம் ஆண்டில் ஆகாய விமானங்கள் காட்டின. பிரிட்டிஷ் போர் விமானங்களின் மெர்லின் யந்திரத்திற்கு அதுவரையில் 87 ஆக்டேன் பெட்ரோல் வழங்கப்பட்டது. 100 ஆக்டேன் கிடைத்தவுடன், யந்திரத்தின் அளவை மாற்றாமலே, அதனுள் அதிக அழுத்தத்தில் காற்றைத் திணிக்க இயன்றது. சுமார் 1,000 குதிரைச் சக்தி தந்த யந்திரம் குறைந்த உயரங்களில் சுமார் 1,300 தந்தது. கூடுதல் சக்தி பிறந்தது அதிகமாகத் திணித்த காற்றாலும், அதற்கேற்ப எரித்த அதிகப் பெட்ரோலாலுமே. 100 என்ற எண் அதற்கு இடம் கொடுத்தது.

இன்று ஈயத்தின் இடத்தில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலேயே கிளையுள்ள பொருள்களை அதிகமாக உண்டாக்கி எண்ணை உயர்த்துகிறார்கள். மற்றொரு வழி, விவசாயிகளுக்கு நேரான சம்பந்தமுடையது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளம் முதலிய தானியங்களிலிருந்தும் வடிக்கும் எத்தனால் என்ற சாராயச் சத்தின் எண் 100-க்கு மேற்பட்டது. தட்டலை அது அடக்கும் என்பதை மிட்ஜ்லியும் கெட்டரிங்கும் அக்காலத்திலேயே அறிந்திருந்தனர். இந்தியாவில் 2014-இல் பெட்ரோலில் எத்தனால் ஒன்றரை சதவீத அளவே கலந்தது. 2022-இல் 10 சதவீதமும், 2025-இல் 20 சதவீதமும் எட்டப்பட்டன. சாதாரணப் பெட்ரோலுக்கு 91 என்று இருந்த குறைந்தபட்ச அளவு, 20 சதவீதக் கலப்புக்கு 95 என்று வகுக்கப்பட்டிருக்கிறது.

நாம் சொல்லிவந்த உண்மைக்கு எத்தனாலே சிறந்த சாட்சி. அதன் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட உயர்ந்தது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள உஷ்ணம், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலில், லிட்டருக்கு ஆறு ஏழு சதவீத உஷ்ணம் குறைகிறது. எண் ஏறியும் உஷ்ணம் இறங்கியது. எண் வேறு, பலம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான நிரூபணம் வேண்டுவதில்லை.

எந்த யந்திரங்களுக்கு உயர்ந்த எண் வேண்டும்?

முதலாவது, அமுக்க விகிதம் பதினொன்று, பன்னிரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட யந்திரங்களுட் பல. இரண்டாவது, டர்போ பொருத்தியவை; இவற்றில் காற்று சிலிண்டருக்குள் புகுமுன்பே ஒருமுறை அமுக்கப்படுகிறது. ஆகையால் விகிதம் பத்தே ஆயினும் உள்ளே நேரும் நெருக்கடி அதைவிட அதிகம். சிலிண்டரின் வடிவம், குளிர்விக்கும் ஏற்பாடு, பெட்ரோலைத் தெளிக்கும் முறை ஆகியவற்றாலும் தேவை வேறுபடும். எனவே விகிதத்தை மட்டும் பார்த்து நாமே முடிவு கட்டுவது தகாது. வண்டியைச் செய்தவர் சோதித்துக் குறித்த எண்ணே நமக்குப் பிரமாணம்.

சாதாரண விசைத் தெளிப்பான், களையெடுக்கும் யந்திரம், சிறு பெட்ரோல் பம்பு ஆகியவற்றின் விகிதம் பெரும்பாலும் எட்டு, ஒன்பது அளவினதே. இவற்றிற்குச் சாதாரணப் பெட்ரோல் போதுமானது.

புதிய கார்களில் தட்டலை உணரும் சிறு கருவி ஒன்று யந்திரத்தின் மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. தட்டல் தோன்றியவுடன் அது தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தி யந்திரத்தைக் காக்கும். அதனால் 95 வேண்டிய வண்டியில் ஒரு தடவை 91 ஊற்ற நேர்ந்தால் உடனே கெடுதி விளையாது. ஆனால் இழுவை குறையும், பெட்ரோலும் அதிகம் செலவாகும். அக்கருவியின் காப்புக்கும் ஓர் எல்லை உண்டு. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் அந்த எல்லையைக் கடந்துவிடும்.

மண்ணெண்ணெய், டீசல் யந்திரங்கள்

மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் ஐம்பதுக்கும் வெகுவாகக் கீழ்ப்பட்டது. அப்படியானால் மண்ணெண்ணெய்ப் பம்புசெட்டு எப்படி ஓடுகிறது என்று கேட்கலாம். அதன் அமுக்க விகிதம் பொதுவாக ஐந்து, ஆறு அளவிலேயே அமைக்கப்படுகிறது. பெட்ரோலில் துவக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். அமுக்கம் குறைவாதலால் பொறுமையற்ற எண்ணெயும் அங்கே ஒழுங்காக எரிகிறது. பிரிட்டனில் முற்காலத்தில் இத்தகைய எண்ணெய்க்கென்று செய்த டிராக்டர்களுக்கும், பெட்ரோல் டிராக்டர்களைவிடக் குறைந்த விகிதமே வைத்தனர். பம்புசெட்டில் நடப்பதைக் கண்டு அதே எண்ணெயைக் காருக்கு ஊற்றுதல், புன்செய்ப் பயிரைக் கண்டு நன்செய்க்கு நீரை நிறுத்துவது போலாகும்.

டீசல் டிராக்டருக்கு இவ்விதி நேர்மாறானது. டீசல் யந்திரத்தில் தீப்பொறி இல்லை. காற்றை மட்டும் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்கிச் சூடேற்றி, அதில் எண்ணெயைத் தெளிக்கிறார்கள். அவ்வெண்ணெய் உடனே தானாகப் பற்ற வேண்டும். காத்திருத்தல் அங்கே குற்றம். அக்குணத்தை சீட்டேன் எண் என்ற வேறோர் அளவால் குறிப்பர். ஆகையால் டீசல் யந்திரத்தில் பெட்ரோலும், பெட்ரோல் யந்திரத்தில் டீசலும் ஒருபோதும் ஊற்றலாகாது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. வண்டியின் கையேட்டிலோ, பெட்ரோல் ஊற்றும் மூடியின் உட்புறத்திலோ குறித்துள்ள எண்ணைப் படித்தறிந்து, வண்டி ஓட்டுபவருக்கும் சொல்லி வைக்கவும்.

2. குறித்த எண்ணுக்குக் குறைந்த பெட்ரோலை வழக்கமாக ஊற்றலாகாது. குறித்ததற்கு மேற்பட்டதை வாங்குவதால் பெரும்பாலான யந்திரங்களுக்கு லாபமில்லை. அப்பணத்தைக் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யவும், காலத்தில் ஆயில் மாற்றவும் செலவிடுதல் நலம்.

3. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலக்கலாகாது. வழக்கமான இடத்தில் பெட்ரோல் போட்டபின் திடீரென்று தட்டல் கேட்டால், பெட்ரோலின் தூய்மையைப் பற்றி விசாரிக்கவும்.

4. மேட்டில் ஏறும்போது தட்டல் கேட்டால், ஆக்ஸிலேட்டரை மேலும் அழுத்தாமல், கீழ் கியருக்கு மாற்றவும். யந்திரம் மெதுவாகச் சுற்றிக் கடும் பாரத்தை இழுக்கையில் கலவை தானாகப் பற்றுவதற்கு அதிக அவகாசம் கிடைக்கிறது.

5. முன்பு தட்டாத யந்திரம் அதே பெட்ரோலில் தட்டத் தொடங்கினால், ரேடியேட்டரில் நீர் குறைவு, சிலிண்டருக்குள் கரி படிதல், தீப்பொறி முந்தி வருதல் ஆகியவற்றைச் சோதிக்கச் செய்யவும். கோடை வெயிலிலும் தட்டும் இயல்பு அதிகரிக்கும்.

6. எத்தனால் நீரை உறிஞ்சும் இயல்புடையது. கலப்புப் பெட்ரோலை உலர்ந்த, இறுக மூடிய கலத்தில் வைக்கவும். பருவம் முடிந்து நிறுத்திவைக்கும் தெளிப்பான்களின் டாங்கியைக் காலி செய்துவிடவும். 2023-க்கு முற்பட்ட யந்திரங்களில் ரப்பர்க் குழாய்கள் வெடிப்போ கசிவோ இன்றி இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும்.

முடிவுரை

எந்த மண்ணுக்கு எந்த ரகம், எந்தப் பட்டத்திற்கு எந்த விதை என்று ஆராய்ந்து விதைக்கும் நம் விவசாயிகளுக்கு, எந்த யந்திரத்திற்கு எந்தப் பெட்ரோல் என்று தேர்ந்தெடுப்பது கடினமான காரியமன்று. மேற்சொன்ன மிராசுதார் தம் காரின் மூடியைத் திறந்து அதிலுள்ள எண்ணை இப்போதுதான் முதன்முறையாகப் படித்ததாக என்னிடம் கூறினார். தோப்புக்கார நண்பர் சாதாரணப் பெட்ரோலுக்குத் திரும்பிவிட்டார். நீர் முன்போலவே வருகிறது. கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைத் தம் ஊராருக்கும், முக்கியமாக வண்டி ஓட்டும் ஆட்களுக்கும் எடுத்துச் சொல்லுவார்களானால், பலருடைய பணமும் யந்திரமும் வீணாகாமல் காப்பாற்றப்படும்.